எஸ்பியர்க் போன யூசுப் அண்ணையின் நாரி

“…ஒருத்தற்ற உதவியும் இல்லாமல் சப்பாத்துப் போடுறன் எண்டுதான் எழுதிக் குடுத்தனான். அதில என்ன பொய்?” என்றார் யூசுப் அண்ணை.

காலை எட்டரை. டென்மார்க்கின் ரண்டர்ஸில் நாங்கள் ஏறிய ரயில் ஓர்ஹூஸை நெருங்கிக்கொண்டிருந்தது. இருக்கை காலியாக இருந்தும் அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். உட்கார்ந்தால் எழும்புவது பெரும்பாடு. ஈராக் நாட்டுக்காரர். சலவைத் தொழிற்சாலையில் என்னோடு சேர்ந்து வருடக்கணக்காக ஈரத்துணி மூட்டை தூக்கியவர். எங்களுக்குப் பொதுவாக இருப்பது உடைந்த டெனிஷ் ஒன்றுதான். ஆனால் அவர் கதைத்தால் எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கும், அப்படியே எழுதுகிறேன்.

நாரி நோவு, அதுதான் கீழ்முதுகு வலி, ஒரு மனிதரை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்கும் கேள்விக்கொத்து ஒன்றை எஸ்பியர்க்கில் ஒரு சிகிச்சை நிலையத்தில் அரபிக்கு மாற்றியிருக்கிறார்கள். அது சரியாக அளக்கிறதா என்று நோவுள்ள அரபிக்காரரிடமே சோதிக்கிறார்கள். அண்ணை முதல் தரம் தபாலில் நிரப்பி அனுப்பிவிட்டார். இன்று நேரில் கூப்பிட்டிருந்தார்கள்.

“எங்கட நாரி ரெண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில படிச்சது. நீரும் வாரும்,” என்றார். எனக்கும் அன்றைக்கு வீட்டில் கதைக்க ஆளில்லை.

ஓர்ஹூஸில் வண்டி மாறினோம். குடித்த கோப்பி ஒன்று முப்பத்திரண்டு குரோனர். ரண்டர்ஸிலிருந்து எஸ்பியர்க் ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். பெட்டியில் பேசியவர்கள் நாங்கள் மட்டும்தான். கோல்டிங் தாண்ட அதுவும் ஓய்ந்தது. பிறகு மழையும் வெறும் வயலும்.

நண்பகல் எஸ்பியர்க். கடற்காற்று ஆளைத் தள்ளியது. கால்மணி நேர நடை எங்களுக்கு முக்கால் மணி. அண்ணை முன்னால் போனார். அவருடைய சப்பாத்துகளின் குதிகால் பக்கம் இரண்டும் மிதிபட்டுத் தட்டையாகக் கிடந்தன. ஒவ்வோர் அடிக்கும் மழைத்தண்ணீர் உள்ளே போய் வந்தது.

சிகிச்சை நிலையத்தில் வேலைசெய்யும் நாடியா என்ற லெபனான் பிள்ளை அரபியில் கேட்டு, எனக்காக டெனிஷிலும் சொன்னாள். “உதவியில்லாமல் எண்டு போட்டிருக்கிறீங்கள். எழுதேக்க என்ன நினைச்சனீங்கள்?”

“ஆர் இருக்கினம் உதவ? மனுசி கண்ணை மூடி ஆறு வருசம். ஆள் இருந்தால் உதவியோட எண்டு போட்டிருப்பன்.”

“அப்ப எப்பிடிப் போடுறீங்கள்?”

அண்ணை என்னை ஒருதரம் பார்த்தார். “குனியேலாது. குதியை மிதிச்சுக்கொண்டு போறன்.”

நாடியா பேனையை வைத்தாள். “இதுக்கு இப்பிடியே புள்ளி போட்டால் உங்களுக்கு நோவு குறைவு எண்டு வரும். தனிய இருக்கிற எல்லாருக்கும் அப்பிடித்தான் வரும். டொக்டரும் அதைத்தான் நம்புவார்.”

“அப்ப டென்மார்க்கில தனிய இருக்கிற ஆக்கள்தான் நல்ல சுகம்,” என்றார் அண்ணை. அவள் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து, அந்தக் கேள்வியைத் திருப்பி எழுதவேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

பின்னேரம் நாலு மணி. ரயில் நிலைய மேடையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. துறைமுகப் பக்கம் காற்றாலைகளின் வெள்ளை இறக்கைகள் பொருத்தப்படாமல் நீளநீளமாகக் கிடந்தன. ஒரு நாட்டின் முழுக் காற்றையும் பிடிக்கப் போகிறவை, இப்போதைக்குச் சும்மா நனைந்துகொண்டிருந்தன. ரண்டர்ஸில் எங்கள் இருவர் வீட்டுக்கும் இடையில் இரண்டு தெருதான் என்று எனக்கு அப்போது நினைவு வந்தது.

“இவ்வளவு காலமும் ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை.”

“நீர் கேட்டனீரோ? அந்தப் பேப்பர்தான் கேட்டது.”

சொல்லிவிட்டு, வாங்குப் பலகையில் மெல்ல மெல்ல உட்கார்ந்தார். தண்டவாளத்தைப் பார்த்தபடியே, குதி மிதிபட்ட சப்பாத்தோடு வலது காலை என் பக்கம் நீட்டினார்.