பெஞ்சில் தூங்கிப்போன பெண்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் ஈப்போ பக்கம் பத்து காஜா என்ற ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்த்தேன். நோயாளிகளின் பேரைப் பதிந்து, கார்டை எடுத்து வைத்து, முறை வந்ததும் கூப்பிடுவது என் வேலை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஈப்போ நகரில் புந்தோங் பகுதிக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைச் சீருடையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால் நானே பாதி டாக்டர் என்ற நினைப்பு எனக்கு. வாயும் கொஞ்சம் நீளம்.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கைராசிக்காரர், நல்ல மனசு. இருந்த சேமிப்பையெல்லாம் போட்டுக் கிளினிக்கைப் புதுப்பித்திருந்தார். வெளியே எதுவும் தெரியாத மங்கல் கண்ணாடிக் கதவு, ஏர்கான், பள்ளிக்கூடம் மாதிரி வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். எல்லாமே என் கவுண்டரைப் பார்த்தபடி. கவுண்டருக்கும் ஒரு கண்ணாடி, பேசுவதற்கு அதில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்.

டவுன்காரர்கள் வந்து சுகமாக உட்கார்ந்துகொள்வார்கள். தோட்டத்து ஜனங்கள் மட்டும் கார்டைக் கொடுத்த கையோடு வெளியே போய், கடை முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் நிற்பார்கள். எவ்வளவு நேரமானாலும் நின்றுகொண்டேதான் இருப்பார்கள்.

"ஏன் பிள்ளை, உந்தச் சனம் உள்ளுக்கு இருக்காமல் வெளியில நிக்குதுகள்?" என்று டாக்டரம்மா ஒருநாள் கேட்டார்.

"அவங்க அப்படித்தான் டாக்டர், பழகிருவாங்க" என்றேன். சொன்னது யார்? தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்த நான்தான். இப்போது நினைத்தாலும் என்னையே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒருநாள் காலை நல்ல வெயில். எட்டு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வெகு நேரமாக அஞ்சடியில் நின்றிருந்தாள். என்னைவிடச் சின்னவள். உள்ளே நாலு நாற்காலி காலி. நான் ஓட்டை வழியாக அவள் பேரைக் கூப்பிட்டேன். பதிலில்லை. மறுபடி கூப்பிட வாயைத் திறப்பதற்குள் வெளியே பெண்கள் அலறினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், தூணைப் பிடித்தபடியே சரிந்து கிடக்கிறாள்.

உள்ளே தூக்கி வந்து படுக்க வைத்தோம். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இனிமேல் இப்படி நிற்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"நாலு நாக்காலி சும்மாத்தானே கெடந்துச்சு, வந்து ஒக்காந்தா என்னலா?" என்று கத்தினேன்.

அவள் எழ முடியாமல் படுத்தபடியே சொன்னாள்: "பேரு கூப்பிடுவீங்கன்னு நின்னேங்க்கா. பெரட்டுல யாருக்கா ஒக்காருவா?"



தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னால் எல்லோரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார், பதில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகலாம். என் அம்மா காலம் பூராவும் அப்படி நின்றவள். அந்தக் கண்ணாடி, அந்த ஓட்டை, அதற்குள்ளிருந்து வருகிற என் அதிகாரக் குரல், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். ஏர்கான் போட்ட பெரட்டுக் களம். அதில் நான்தான் கிராணி!

அந்த வார இறுதியில் டாக்டரம்மா ஒரு கல்யாணத்துக்காகத் தெலுக் இந்தான் போயிருந்தார். சாவி என்னிடம் இருந்தது. யாரையும் கேட்காமல் காரியத்தில் இறங்கினேன். கவுண்டர் கண்ணாடியைத் திருகாணி கழற்றி எடுத்தேன். என் மேசையைக் கவுண்டருக்கு வெளியே இழுத்து, வருகிறவர்களோடு பக்கம் பக்கமாக உட்காருகிற மாதிரி வாசலோரம் போட்டேன். நாற்காலிகளை வரிசை கலைத்து, ஆளுக்கு ஆள் முகம் பார்த்துப் பேசும்படி திருப்பினேன். பக்கத்துக் காப்பிக்கடைச் சீனரிடம் இரண்டு நீளப் பெஞ்சுகளை இரவல் வாங்கிச் சுவரோரம் போட்டேன். முதுகுக்குச் சுவர் இருக்கும், திறந்த கதவு வழியாகத் தோட்டத்துப் பஸ் வருவதும் தெரியும். பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு அரை நாள் காக்க வேண்டும், உள்ளே உட்காரப் பயந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஏர்கானை அணைத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். செருப்பு விடுவதற்கு வாசலுக்குள்ளேயே இடம் ஒதுக்கினேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"இது ஆற்றை கிளினிக் பிள்ளை? உன்ரையோ, என்ரையோ?"

பெரட்டுக் கதையைச் சொன்னேன். பெஞ்சுகளையும் திறந்த கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஒரு கிழமை, ஏழு நாள் பாப்பம். சரிவரேல்லையெண்டால் எல்லாத்தையும் பழையபடி வைச்சிட்டு நீ வேற வேலை தேடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் மூன்று நாளும் தோட்டத்து ஜனங்கள் யாரும் உட்காரவில்லை. வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு அஞ்சடிக்கே திரும்பினார்கள். வேலை போகப்போகிறதை வீட்டில் என் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன்.

வியாழக்கிழமை அந்தக் கர்ப்பிணிப் பெண் வந்தாள். நான் பேர் கூப்பிடவில்லை. எழுந்துபோய், "வாம்மா, ஒக்காரு, பஸ்ஸு வந்தா நான் சொல்றேன்" என்றேன். பெஞ்சைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துக் கூட வந்த மூன்று பெண்களும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

அவள் முறை வந்தபோது உள்ளே யாரும் வராததால் டாக்டரம்மாவே எழுந்து வந்தார். அந்தப் பெண் வாய் லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா பெஞ்சுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். இந்தத் தடவை நின்றது டாக்டர்!

"நித்திரை கொள்ளட்டும். அடுத்த ஆளை அனுப்பு" என்றார் மெதுவாக.

எண்பதுகளில் அவர் ஈப்போவில் பெரிய கிளினிக் கட்டினார். கட்டடம் கட்டும் குத்தகைக்காரர் கொடுத்த வரைபடத்தை முதலில் என் மேசையில்தான் விரித்தார். "பெஞ்சு எங்க போடுவம் பிள்ளை?" என்றார். அந்தக் கேள்வியைப் புந்தோங் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாளவில்லை எனக்கு.

இன்றைக்கும் எந்த அறைக்குள் நுழைந்தாலும் யாராவது ஓரமாக நின்றுகொண்டிருக்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் தேடும். நான் இழுத்துப் போட்ட ஒரு பெஞ்சில், நிற்க மட்டுமே பழகிய ஒருத்தி பயமில்லாமல் தூங்கினாளே, அதைவிடப் பெரிய சர்டிபிகேட்டை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.