குடிக்காமல் வைத்த கோப்பை

முனீஃபா அக்காவின் வீட்டில் அன்று நடந்த பேச்சை அடுக்களைக் கதவருகே நின்று கேட்டேன்.

பெரியவர் அபூ ஸாயில் ஊர்ப் பெரியவர்கள் நால்வரோடு வந்திருந்தார். அக்காவின் அப்பா காப்பி ஊற்றிக் கொடுத்தார். அபூ ஸாயில் வாங்கி, குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்தார்.

"குடிங்க."

"கேட்டு வந்ததக் குடுத்தா குடிக்கிறேன்."

எங்கள் கரக் ஊரில் விருந்தாளி இப்படி வைத்துவிட்டால் பெரும்பாலும் வீட்டுக்காரர் மறுக்கமாட்டார். அப்பா வாய் திறப்பதற்குள் அக்கா என்னைத் தாண்டிக் கூடத்துக்குள் போனாள்.

"அவசரப்பட்டு வாக்குக் குடுத்துடாதீங்கப்பா. என்னன்னு கேளுங்க."

"என் பேத்தி ஜூத் என்கிட்டயே இருக்கணும். நீ நீதிபதிக்கு அப்படி எழுதணும், அவ்வளவுதான்."

"அது இந்த வீட்டுல இருந்து எடுத்துக் குடுக்கிற பொருள் இல்ல மாமா."

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "நாலு வரிக்கு இவ்வளவு பிகுவா? உன் பேனா என்ன தங்கமா?"

"தங்கமா இருந்தா என்னைக்கோ வித்திருப்பேன் சித்தப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அபூ ஸாயில் சிரிக்கவில்லை.

"காப்பி ஆறுது மகளே."

"சூடா வேற ஊத்தறேன். என் கையில இருக்கற எதையாவது கேளுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். அந்த வீட்டில் அதுவரை யாரும் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனதில்லை.

"அத நீயே எடு," என்றார் அப்பா அக்காவிடம்.

பெற்றோரோ உறவினரோ ஒரு குழந்தைக்காக வழக்காடும்போது, இரண்டு வீடுகளுக்கும் போய்ப் பார்த்து நீதிமன்றத்துக்கு எழுதுவது அக்காவின் வேலை. நான் அவளிடம் வேலை பழகியவள். போகும் வீட்டில் ஒரு கோப்பை காப்பி மட்டும் குடிப்பாள். போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சாப்பாடு அவள் பைக்குள் இருக்கும். ஒருமுறை யாரோ மேசையில் வைத்துவிட்டுப் போன ஆலிவ் எண்ணெய் டின்னைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் திட்டியதை எங்களுக்கு நடித்துக் காட்டினாள். வழக்கு நடக்கிற வீட்டுக் கல்யாணங்களுக்கும் போகமாட்டாள். "உன்னால ஊர்ல பாதிக் கல்யாணச் சாப்பாடு எங்களுக்கு இல்லாமப் போச்சு," என்பாள் அவள் அம்மா.

அபூ ஸாயிலின் மகன் இறந்தபின் ஜூத்தின் அம்மா மறுமணம் செய்துகொண்டு ஸர்கா நகரில் இருந்தாள். மகள் வேண்டும் என்று அவள்தான் வழக்குப் போட்டிருந்தாள். இரண்டு வீடுகளையும் நாங்கள் பார்த்து முடித்த அன்று, திரும்பும் பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "குழந்த தாத்தாகிட்டதான் நல்லா இருக்கா. அப்படித்தான் எழுதப்போறேன்."

அதற்கு மறுநாள்தான் அபூ ஸாயில் காப்பியைக் கீழே வைத்தார்.

அடுத்த நாள் அலுவலகத்தில் அக்கா எழுதவில்லை.

"கிழவன் வீட்டோட இருந்திருந்தா இந்நேரம் எழுதி முடிச்சிருப்பேன்," என்றாள்.

"பாத்தது மாறிடுமா அக்கா?"

"மாறாது. ஆனா அவருக்குச் சாதகமா எழுதினா, கோப்பைக்குப் பயந்து எழுதிட்டேன்னு ஜூத்தோட அம்மா நினைப்பா. மாத்தி எழுதினா, கோபத்துல எழுதினேன்னு நானே நினைப்பேன். நீதிபதிகிட்டச் சொல்லிட்டேன். என்னை விலக்கிட்டார், உன்னை அனுப்பறார்."

நான் பையை எடுத்தேன். அவள் வாசல்வரை கூட வந்தாள்.

"ரெண்டு வீட்டுக்கும் முதல்தடவ போற மாதிரிப் போ. எழுதினத எனக்குக் காட்டாத. அன்னைக்குப் பஸ்ஸுல நான் சொன்னேன் இல்ல, அத மறந்துடு."