ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்

வயரிங் அக்கா பொய்யே சொல்லாதவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். "நாளைக்குக் காலையில வண்டி ரெடி" என்று எத்தனையோ பேரிடம் கூசாமல் சொல்லியிருக்கிறார். ஆனால் இது நடந்தது. மணி விவரமெல்லாம் அவருடைய வேலை நோட்டில் இருக்கிறது. நானே பார்த்தேன்.

காரின் மின்சார வேலையில் அக்காவை மிஞ்ச எங்கள் பட்டறைத் தெருவில் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மற்ற ஷெட்டுகள் மூடிக் கிடக்கும். அவர் மட்டும் திறப்பார். வீட்டில் இருந்தால் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டும். அதற்கு இது தேவலை.

அன்று ஷெட்டில் நின்றது பல் டாக்டரின் கார். பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியின் பெரிய என்ஜினை வேறொரு பட்டறையில் பொருத்தியிருந்தார்கள். அதன் கம்ப்யூட்டரும் வயர்களும் கூடவே வந்திருந்தன. எல்லாம் மாட்டியாயிற்று. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

"மூணு பட்டறை பாத்தாச்சுக்கா," என்றார் டாக்டர், சாவியைக் கொடுத்துக்கொண்டே. "நீங்களும் முடியாதுன்னா பழைய என்ஜினையே மாட்டிடுறேன்."

"வெச்சிட்டுப் போங்க தம்பி. சாயங்காலம் போன் பண்றேன்."

மணி 3.05. சாவியைத் திருப்பினார். டாஷ்போர்டு விளக்குகள் எரிந்தன. ஸ்டார்ட்டர் மோட்டாரில் சின்ன 'டிக்' கூட இல்லை. பேட்டரி 12.6 வோல்ட். ஃபியூஸ் சரி. ரிலே சரி. எர்த் வயரைச் சுரண்டி இறுக்கினார். மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்தார். சுற்றியது, ஆனால் என்ஜின் பற்றவில்லை. ஆக, கம்ப்யூட்டர்தான் விடமாட்டேன் என்கிறது.

3.20. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஸ்கேனரை மாட்டினார். கம்ப்யூட்டர் மனதில் இருப்பதை எழுத்தில் காட்டும் கருவி அது.

என்ஜின் வேகம் 780. சூடு 88 டிகிரி. ஓடும் நேரம், 3 மணி 52 நிமிடம்.

அக்கா இறங்கிப் போய் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

காரணம் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரைக் கேட்டால் என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற வண்டியை மறுபடி எதற்கு ஸ்டார்ட் செய்ய வேண்டும்?

"லூசு," என்று அதைத் திட்டிவிட்டு, 3.25-க்கு பேட்டரி வயரைக் கழற்றினார். கால் மணி நேரம் விட்டால் எல்லாம் அழிந்து சைபருக்கு வந்துவிடும். தகரக் கூரையில் மழை தட்ட ஆரம்பித்தது.

3.40-க்கு மாட்டினார்.

ஓடும் நேரம், 4 மணி 12 நிமிடம்.

கரண்ட்டே இல்லாத கால் மணி நேரத்தையும் சேர்த்து எண்ணியிருந்தது.

3.58. டிக்... டிக்... டிக்... நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து அடிக்கும்போது வரும் சத்தம். அக்கா வண்டியைச் சுற்றி வந்தார். ஒரு விளக்கும் எரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

போனை எடுத்தார். யாரைக் கூப்பிடுவது? பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எல்லாருமே ரிப்பேருக்கு வண்டி கொடுத்தவர்கள். போனைத் திரும்பப் பையில் போட்டார்.

4.15. ஸ்கேனரைக் கழற்றிவிடலாம் என்று மறுபடி உள்ளே உட்கார்ந்தார். நீட்டிய கை நின்றது.

ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில், உள்புறம், ஒரு வெள்ளை வட்டம். வாயை வைத்து ஊதினால் படியுமே, அப்படி. மறைந்தது... மறுபடி வந்தது.

அந்த இருக்கையில் யாரும் இல்லை.

"யாரு?"

கியர் கம்பியருகே இருந்த அக்காவின் கை மேல் விரல்கள் பட்டன.

சில்லென்று... மெல்லிய விரல்கள். நடுங்கின.

கையை இழுத்துக்கொள்ளத்தான் பார்த்தார். அப்போது அம்மா நினைவு வந்தது. அம்மா போன நேரத்தில் அக்கா மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். கட்டில் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கிரீஸ் படிந்த கையைத் திருப்பி, அந்த விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இங்கதான் இருக்கேன்," என்றார்.

4.30. வட்டம் சின்னதாகியது.

4.33. இன்னும் சின்னது...

4.34. ஓடும் நேரம், 5 மணி 6 நிமிடம்.

780... 500... 200...

0.

டிக் சத்தம் நின்றது. கண்ணாடி தெளிந்திருந்தது. கைக்குள் ஒன்றும் இல்லை.

வெகுநேரம் கழித்துச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது.

மறுநாள், டாக்டரிடம் விலாசம் கேட்டு, அந்த என்ஜினை விற்ற பழைய வண்டிக் கடைக்காரரிடம் போனார். நொறுங்கிய காரைப் பள்ளத்திலிருந்து கிரேன் வைத்துத் தூக்கியவரும் அவரேதான்.

"எட்டு மாசம் ஆச்சும்மா. ஒரு நர்ஸம்மா, தனியா வந்துருக்காங்க. ராத்திரி வண்டி பள்ளத்துல விழுந்து கால் மாட்டிக்கிச்சு. நாலு இண்டிகேட்டரும் போட்டு வெச்சிருந்தாங்க. பெட்ரோல் தீர்ற வரைக்கும் என்ஜின் ஓடியிருக்கு. அந்த ரோட்டுல ஒருத்தரும் வரல. விடிஞ்சப்புறம்தான் பாத்தோம்."

"ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாங்களா?"

கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"முகம் அமைதியாத்தான் இருந்துச்சு. ஒண்ணுதான் போலீஸுக்கே புரியல. கதவு எல்லாம் உள்ள பூட்டியிருந்துச்சு, வேற ஆள் இல்ல. ஆனா அந்தம்மா கையில கிரீஸ் கறை... யாரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி. அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருந்துச்சு."