பவானியின் கைப்பேசியில் தட்சிணாமூர்த்தி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தி, தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் தனிமனித அந்தரங்க உரிமைக்காகக் களம் இறங்கினார். அவரைக் களத்துக்கு இழுத்து வந்தது இறால் பிரியாணி.

புரட்டாசி பிறந்தால் அவர் வீட்டு வாசலை முட்டைகூடத் தாண்டாது. சனிக்கிழமைதோறும் நாமமிட்டுக்கொண்டு, சிதம்பரம் கோவிந்தராஜப் பெருமாளைச் சேவிக்கக் காரில் கிளம்புவார். சுங்கச்சாவடி வரைக்கும் பக்தி தாக்குப்பிடிக்கும். அதைத் தாண்டியதும் வண்டி பரங்கிப்பேட்டைக்குத் திரும்பிவிடும். அங்கே ஒரு பாய் பிரியாணிக் கடை.

இதில் ஒரே ஓர் ஓட்டை. சுங்கச்சாவடிக்கான ஃபாஸ்டேக் அட்டை வாங்கிய அன்று அவர் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. மனைவி பவானியின் எண்ணைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்துபோனார்.

போன சனிக்கிழமை பவானி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“என்னாங்க, பன்னெண்டு பத்துக்கு டோல் தாண்டிருக்கீங்க. ஒன்னு அஞ்சுக்குத் திரும்பிட்டீங்க. அதுக்குள்ள பெருமாளப் பாத்தாச்சா?”

“கூட்டமே இல்ல. காத்தாட இருந்துச்சு.”

“நட சாத்துற நேரமாச்சே?”

“நம்ம நேரம், தொறந்திருந்துச்சு.”

பவானி ‘ம்’ என்றார். பதினெட்டு வருட விரதப் புகழ் அந்த ஒற்றை எழுத்தில் ஆட்டம் கண்டது.

மறுநாள் பக்கத்து டயர் கடைக் கண்ணாயிரத்திடம் பொங்கினார். “நான் எப்ப எங்க போறேன்னு எதுக்கு மச்சான் எழுதி வெக்கணும்? அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிருக்கு.”

“எறா திங்கறதுக்குமா சொல்லிருக்கு?”

“எறாவுக்குன்னு தனியா சொல்லல. பொதுவா சொல்லிருக்கு.”

போராட்டத் திட்டம் தயாரானது. தட்சிணாமூர்த்தி ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியில் ஒட்டியதே இல்லை. சாவடியில் கையால் தூக்கிக் காட்டுவதுதான் வழக்கம். அடுத்த சனிக்கிழமை கண்ணாயிரம் குடும்பத்தோடு தம் காரில் சிதம்பரம் போகிறார். அட்டை அவரோடு போகும். தட்சிணாமூர்த்தி சாவடியே இல்லாத சாமியார்பேட்டைக் கடலோரச் சாலையில் பரங்கிப்பேட்டை போவார். அரசாங்கக் கணக்கில் அவர் அப்பழுக்கற்ற பக்தர்.

அன்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. முதல் தட்டு பாதி காலியானபோது பவானி அழைத்தார்.

“எங்க இருக்கீங்க?”

“கோயில்ல. க்யூல நிக்கிறேன். பயங்கரக் கூட்டம்.”

“ஐயோ! வண்டி சீர்காழிக்கு அந்தாண்ட இன்னொரு டோல் தாண்டிடுச்சுன்னு மெசேஜ் வருது! எவனோ தூக்கிட்டுப் போறான். நான் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

கண்ணாயிரத்தின் மனைவிக்குத் திடீரென்று வைத்தீஸ்வரனையும் பார்க்கத் தோன்றி, அப்படியே நாகப்பட்டினம்வரை போய்விடத் தோன்றியிருந்தது. திருடுபோன கார் தட்சிணாமூர்த்தியின் கண்ணெதிரே வேப்பமர நிழலில் நின்றது. போலீஸ் வந்தால் கண்ணாயிரம் குடும்பத்தோடு உள்ளே போவார். விரதமா, நண்பனா? கையிலிருந்த இறாலைத் தட்டில் வைத்தார்.

“பவானி, ஸ்டேஷனுக்குப் போவாத. வண்டி இங்கதான் நிக்குது.”

“இங்கன்னா?”

“பரங்கிப்பேட்டைல.”

“அங்க என்ன பண்றீங்க?”

“எறா பிரியாணி,” என்று முழு வாக்குமூலமும் கொடுத்தார்.

“அது போன வருசத்துலேர்ந்தே தெரியும். வண்டி பத்திரமா இருக்கா, அதச் சொல்லுங்க.”

“போன வருசமேவா? சொல்லவே இல்லயே நீ?”

“எதுக்குச் சொல்லணும்? நம்ம அனுப்பிரியா, ‘எங்கப்பா புரட்டாசியில பச்சத் தண்ணிகூட யோசிச்சுதான் குடிப்பாரு’ன்னு ஆபீஸ் பூரா பெருமையடிச்சிட்டுத் திரியுது. பெத்த பொண்ணுகிட்டகூட நான் வாயத் தொறக்கல. நாமத்த அழிச்சிட்டாவது சாப்புடுங்க.”

தட்சிணாமூர்த்தி கண்ணாயிரத்தை அழைத்து, நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பிறகு தோள் துண்டால் நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

“பாய், இன்னொரு தட்டு சொல்லுங்க. அவசரமில்ல.”