சங்கு ஊதும் இடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் நாள் மாலையே அது வந்துவிட்டது. பள்ளி விடும் முன் பிள்ளைகள் வரிசையில் நின்று தேசிய கீதம் பாடினார்கள். கீதத்தில் வரும் மலையும் ஆறும் முடிந்து கடல் வரவேண்டிய இடத்தில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்பு ஆலையில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. அது அடங்கியதும், ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

பல வருடமாக இப்படித்தானாம். ஆலைக்கு விடுமுறை, சங்கே இல்லை என்றாலும் அங்கே நின்றுவிட்டுத்தான் மேலே பாடுவார்கள். நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஆறாம் வகுப்பில் கீதத்தை எழுதச் சொன்னேன். பாதிப் பேர் நடுவில் ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தார்கள். ஒருத்தி அந்த வரியில் ‘சங்கு’ என்றே எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

“இது என்னம்மா?”

“சங்கு ஊதுற எடம் மிஸ். அங்க நிக்கணும்.”

பழவேற்காட்டில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பெண். படிப்புக்காக இங்கே அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். பள்ளியிலேயே பெரிய குரல் அவளுக்குத்தான்.

ஒரு வருடம் கத்திப் பார்த்தேன். தொண்டை போனதுதான் மிச்சம், பிறகு விட்டுவிட்டேன். அவள் எட்டாம் வகுப்புக்கு வந்த வருடம், திருவள்ளூரில் குடியரசு தின விழாவில் கீதம் பாட எங்கள் பள்ளிக்கு அழைப்பு வந்தது. தலைமையாசிரியைக்கு முகம் சுருங்கிவிட்டது.

“வேணாம் டீச்சர். கலெக்டர் முன்னாடி பாதியில நின்னா நம்ம மானம் போயிடும். வேற ஸ்கூலுக்குக் குடுக்கச் சொல்லிடறேன்.”

“நிக்க மாட்டாங்க மேடம். நான் பொறுப்பு” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இருபது பிள்ளைகள், பத்து நாள் பயிற்சி. மதிய நேரம், சங்கு கிடையாது. இருந்தும் நின்றார்கள். நிற்பவர்கள் கீதத்தின் பொருளைப் பத்து முறை எழுத வேண்டும் என்று தண்டனை போட்டேன். ஒருத்தரும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்? பொருளை நான் சொல்லித் தந்ததே இல்லை. இரண்டரை வருடம் ஏன் நிற்கிறாய் என்று கேட்டேனே தவிர, என்ன பாடுகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் தேசப்படத்தை மாட்டினேன். வங்கத்தில் எழுதப்பட்டது, ஐந்து பத்திகளில் முதல் பத்தியைத்தான் நாம் பாடுகிறோம், குடியரசு ஆவதற்கு இரண்டு நாள் முன்பு அதைத் தேசிய கீதமாக ஏற்றார்கள் என்று சொன்னேன். ஒவ்வொரு நிலமாகக் குச்சியால் தொட்டுக் காட்டினேன். பிறகு இரண்டு மலை, இரண்டு ஆறு. கடல் அலை என்றதும் அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

“கடலு வருதா மிஸ் இதுல?”

“வருது. அதுக்கு முன்னாடிதான் நீங்க நின்னுடுறீங்க.”

அவள் படத்தையே பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “ஆறு வந்தா நேரா கடலுக்குத்தானே போவும்? நடுவுல இன்னா ஸ்டாப்பிங்கு?”

நான் பத்து நாள் கத்தினாலும் நடக்காதது அதில் நடந்தது. அன்று மதியம் ஒருத்தரும் நிற்கவில்லை. ஆனால் மாலையில் மொத்தப் பள்ளியும் பாடும்போது, சங்கு ஊதியதும் அவர்களும் சேர்ந்து நின்றார்கள். மதியம் நிற்பதில்லை, மாலையில் நிற்கிறார்கள். திருவள்ளூரில் எது நடக்கும் என்று தெரியாமல் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விழா மைதானத்தில் கொடி ஏறியது. பிள்ளைகளுக்கு எதிர் வரிசையில் நானும் தலைமையாசிரியையும் விறைப்பாக நின்று கூடவே பாடினோம். மலை முடிந்தது. ஆறு முடிந்தது. அடுத்த நொடி இருபது குரலும் அப்படியே கடலுக்குள் போயின, அவள் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. இடறாமல் கடைசிவரை பாடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

திரும்பும் வேனில் அவள் பின் சீட்டிலிருந்து எழுந்து வந்தாள்.

“மிஸ், நாங்க யாரும் நிக்கல.”

“பாத்தேன்மா. ரொம்ப நல்லா பாடினீங்க.”

“நீங்கதான் நின்னுட்டீங்க.”

“நானா?”

“ஆமா மிஸ். ஆறு முடிஞ்சதும் வாய மூடிக்கினீங்க. இங்க சங்கே இல்ல, ஆனா அது ஊதி முடிக்கிற நேரம் வரிக்கும் இருந்துட்டு, அப்பால பாடுனீங்க. நாங்க அல்லாரும் பாத்துக்கினுதான் இருந்தோம்.”

வேன் முழுக்கச் சிரிப்பு. துணைக்குத் தலைமையாசிரியையைப் பார்த்தேன். அந்தப் பள்ளியில் எனக்கு முன்பே பல வருடம் இருந்தவர், சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் ஒரு நோட்டையும் பேனாவையும் என் மடியில் வைத்தாள். “பத்து தபா மிஸ். அர்த்தத்தோட.”

கவரைப்பேட்டை வரும்வரை எழுதினேன். வேன் குலுக்கிய குலுக்கலில் என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். எட்டாவதில் கடலை விட்டுவிட்டேனாம். அதைத் திரும்ப எழுத வைத்த பிறகுதான் என்னை இறங்க விட்டாள்.