அண்ணி செய்த ஹெலிகாப்டர்

சார், அந்த ஹெலிகாப்டரை நீங்கள் செய்யவில்லை. பள்ளி ஆண்டு மலரில் உங்கள் கட்டுரையைப் படித்தேன். எழுபதுகளில் நடந்த அறிவியல் கண்காட்சியில் 'என் கையால் செய்து பறக்கவிட்டேன்' என்று அச்சிலேயே போட்டிருக்கிறீர்கள். பொய். அந்த ஹெலிகாப்டர் என் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. ஒரு சாண் நீளம். தாள் பழுத்துவிட்டது, விசிறியின் ஓர் இறக்கை நுனியில் மூளி. அதைச் செய்தது என் அண்ணி.

மலரைப் படிக்காத மற்றவர்களும் இந்தக் கடிதத்தைப் பார்ப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் அப்போது காஞ்சிபுரத்தில் அந்தப் பள்ளியின் ஆய்வகத்தில் குடுவை கழுவும் ஆள். இவர் அங்கே அறிவியல் வாத்தியார். வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். பிரித்தால் தக்கைபோல் லேசான மரக்குச்சிகள், வெங்காயத் தோல் மாதிரித் தாள், கம்பி, ரப்பர் நாடா. குச்சிகளைச் சேர்த்து ஒட்டினால் ஹெலிகாப்டர். உள்ளே இருக்கும் ரப்பரை முறுக்கிவிட்டால் மேலே விசிறி சுற்றிப் பறக்க வேண்டும். செய்முறை முழுக்க ஜப்பான் எழுத்து, படங்கள் மட்டும்தான் துணை. வாத்தியார் ஒரு வாரம் முயன்றார். நாலு குச்சியை ஒடித்தார், தாளைக் கிழித்தார், கடைசியில் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. "இதெல்லாம் நமக்கு ஒத்துவராதுய்யா, குப்பைல போட்டுடு" என்றார். நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் வீடு தறி வீடு. அண்ணன் நெய்வார், அண்ணி பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளைப் பிணைப்பார். ஒரு பாவு நெய்து முடியும்போது அதன் ஒவ்வோர் இழை நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரல்களால் ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கில். ஒன்று விட்டுப்போனாலும் துணியில் தெரிந்துவிடும். அந்தக் கைக்கு ஈர்க்குச்சி என்பது தூண். எட்டாவதில் வகுப்பிலேயே முதலாக வந்த அண்ணியை, தறிக்கு இந்தப் படிப்பு போதும் என்று நிறுத்திவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்த படங்களை அண்ணி இரண்டு நாள் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தம்பி, பண்ணிடலாம்பா. ஆனா பறந்துச்சின்னா எம் பேரு போடணும். உங்க வாத்தியார கேட்டுக்கினு வா" என்றார். கேட்டேன். "மொதல்ல பறக்கட்டும், போட்றேன்" என்று வாத்தியார் சிரித்தார். சிரித்தாலும் வாக்கு வாக்குதான்.

ஒடிந்த குச்சிகளுக்குப் பட்டு இழையைச் சுற்றிப் பசை தடவினார். கிழிந்த தாளுக்குப் பதில் காற்றாடித் தாளை ஒட்டி, நீர்த்த கஞ்சித் தண்ணீரை மேலே தெளித்தார். காய்ந்ததும் அது மேளத்தோல் மாதிரி விறைத்தது. பாவுக்குக் கஞ்சி போடுகிறவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து நாளில் ஹெலிகாப்டர் முழுசாக உருவாகிவிட்டது. முறுக்கி விட்டார். எழும்பவில்லை. விசிறி விர்ரென்று சுற்றியது, வண்டி தரையோடு அழுந்திக்கொண்டது. மூன்று நாள் இதே கதை.

"இன்னாடி இது, மேல போவச் சொன்னா தரைய மோந்து பாத்துக்கினு கீது?" என்று அண்ணன் தறியிலிருந்து கத்தினார்.

"நீ உன் வேலையப் பாருய்யா. இது உன்ன மாதிரி, சொன்ன ஒடனே எழுந்திருக்காது."

நாலாம் நாள் பாவு பிணைத்துக்கொண்டிருந்தவர், கைச் சாம்பலைக்கூடத் துடைக்காமல் சாம்பல் தட்டின் பக்கத்திலேயே வைத்து முறுக்கி விட்டார். தட்டிலிருந்த சாம்பல் அத்தனையும் எழும்பி முகத்தில் அடித்தது. இருமினார், தும்மினார், பிறகு என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"தம்பி, காத்து மேல வருதுபா! கீழ போனாத்தானே அது எழும்பும்? இழை முறுக்குற பக்கமே இதையும் முறுக்கிட்டேன். பாழாப்போன பழக்கம்!"

பதினைந்து வருடமாக ஒரே பக்கம் உருண்ட கட்டைவிரல், தானாக அந்தப் பக்கமே போயிருக்கிறது. மாற்றி முறுக்கினார். ஹெலிகாப்டர் தறிக்கு மேலே ஏறி, உத்தரத்தில் இடித்து, அண்ணன் மடியில் விழுந்தது.

கண்காட்சி அன்று மேசையில் அட்டை இருந்தது. அதில் வாத்தியார் பெயர் மட்டும். நான் கேட்டதற்கு, "அப்புறம் பாத்துக்கலாம், விருந்தினர் வந்துட்டாரு" என்றார். எப்படி முறுக்குவது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. மேசைமேல் சுண்ணாம்புப் பொடியால் அழகாக ஒரு வட்டம் போட்டு, அதன் நடுவில் வண்டியை வைத்து, வெள்ளை வேட்டி சட்டையில் இருந்த சிறப்பு விருந்தினர் முன்னால் முறுக்கி விட்டார். எங்கள் வீட்டுச் சாம்பல் செய்ததைச் சுண்ணாம்பு செய்தது. விருந்தினரின் மீசைகூட வெளுத்துவிட்டது.

கூட்டத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "சார், அந்தப் பக்கம் இல்ல சார்."

"யாரும்மா நீ?"

"அதப் பண்ணவ சார்."

அண்ணி நேராக மேசைக்கு வந்தார். முறுக்கினார், விட்டார். கூடத்தின் ஓட்டுக்கூரை வரை போய் முட்டியது. இறக்கை மூளியானது அப்போதுதான். பையன்கள் பெஞ்சுமேல் ஏறிக் கத்தினார்கள். விருந்தினர் முகத்தைக்கூடத் துடைக்காமல் கை தட்டினார். நான் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் அண்ணி பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். அதற்காக வாத்தியார் எனக்கு மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அண்ணிக்கு இப்போது காது மந்தம், கை மந்தமில்லை. உங்கள் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். "அந்தாளுக்கு எந்தப் பக்கம் முறுக்கணும்னு இன்னிக்காவது தெரியுமா, கேளுபா" என்றார்.

அதைத்தான் கேட்கிறேன். பழைய மாணவர் கூட்டத்துக்கு டப்பாவோடு வருகிறேன். புது ரப்பர் மாட்டியாயிற்று. அண்ணி முன்வரிசையில் உட்காருவார். சுண்ணாம்புப் பொடியும் நானே கொண்டுவருகிறேன். மேடையேறுங்கள், மைக்கைப் பிடியுங்கள், இதைச் செய்தது யார் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். நீங்கள்தான் என்றால், சார், முறுக்கிக் காட்டுங்கள்.