அண்ணன் எழுதிய வம்சாவளி

என் அண்ணனுக்கு இலுப்பூர்ப் பக்கம் விவசாயம். குலதெய்வக் கோயில் பொறுப்பும் அவரிடம்தான். ஏழு தலைமுறைப் பங்காளிகளின் பெயரை மூச்சு விடாமல் சொல்வார். பெண்டாட்டியின் பிறந்தநாளைக் கேட்டால் மட்டும் தொண்டையைச் செருமுவார்.

மார்பில் புற்றுநோய் வந்து எனக்கு ஆபரேஷன் முடிந்திருந்த சமயம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "குடும்பத்துல யார் யாருக்கு என்ன நோய் வந்துச்சுன்னு வம்சாவளியா எழுதிட்டு வாங்க. மரபணுச் சோதனைக்கு அது வேணும்" என்றார். நோய் பரம்பரையாக வந்தது என்று தெரிந்தால் எனக்கு அதற்கென்றே மாத்திரை உண்டாம். வீட்டில் மற்றவர்களும் முன்னாலேயே உஷாராகிக்கொள்ளலாம். துணைக்கு வந்த அண்ணனுக்கு முகமெல்லாம் பல். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படியொரு கேள்வி கேட்டதில்லை.

அடுத்த வாரமே சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டரம்மா மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஏங்க, உங்க வம்சத்துல பொம்பளைப் பிள்ளையே பிறக்கலையா?"

"பொறந்துச்சுங்க. அதான் கட்டிக் குடுத்தாச்சுல்ல."

கட்டிக்கொடுத்த பெண் பங்காளி இல்லை. அவளுக்குக் கோயில் வரி கிடையாது, அதனால் பேப்பரில் இடமும் கிடையாது. தலைமுடி கொட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நானே அதில் இல்லை.

"அண்ணே, அப்ப இது யாரு வீட்டு நோய்?" என்றேன்.

"சும்மா இரு ஆத்தா. இதெல்லாம் அம்மா வழியிலதான் வரும்."

அப்பா வழியிலும் வரும், ஆண்களும் அதைச் சுமப்பார்கள் என்று டாக்டரம்மா விளக்கினார். அண்ணன் பொன்னமராவதிக்கும் அறந்தாங்கிக்கும் போன் போட்டு, அப்பாவின் அக்கா தங்கைகள் எதில் செத்தார்கள் என்று விசாரித்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் 'வயித்து வலி'யில்தான் செத்தவர்கள். துருவிக் கேட்டால், ஒருத்திக்குக் கர்ப்பப்பைப் பக்கம் கட்டி; அதுவும் இதே பரம்பரைக் கோளாறில் வருவதுதானாம். இன்னொருத்தி மார்புக் கட்டியை முந்தானையால் மூடியே காலத்தை ஓட்டியிருக்கிறாள். அன்று எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

என் ரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போனது. செலவை ஒரு அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. மரபணுவில் மாற்றம் இருந்தது, மாத்திரையும் கிடைத்தது. அடுத்து அண்ணன் முறை. அவருக்கு ஒரே மகள், அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்திருக்கிறது, மாப்பிள்ளை துபாயில். அண்ணனுக்கு இல்லை என்றால் அவர் வழியாக மகளுக்கு வந்திருக்காது. இருந்தால் அவளையும் பார்த்தாக வேண்டும். இவரோ நடவு என்றார், திருவிழா என்றார். கடைசியில் உண்மை வந்தது.

"மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சா என்ன ஆத்தா நெனப்பாங்க?"

"அத்தைகளும் இதைத்தாண்ணே யோசிச்சிருக்கும்."

 மறுநாள் அண்ணன் போய் ரத்தம் கொடுத்தார். அவருக்கும் இருந்தது.

என்னை வைத்துக்கொண்டுதான் மகளுக்கு போன் போட்டார். "ஆத்தா, வருஷா வருஷம் பொங்கச் சீரு மட்டுந்தான் ஒனக்குக் குடுக்குறேன்னு நெனச்சிருந்தேன். கேக்காம இன்னொன்னும் குடுத்திருப்பேன் போல." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. போனை வாங்கி மிச்சத்தை நான் சொன்னேன்.

குறித்த நாளில் மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், மாமியாரோடு. அந்த அம்மாளைக் கண்டதும் அண்ணன் தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்துவிட்டது. உள்ளே மகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருக்கையில் மாமியார் மெதுவாக டாக்டரம்மா பக்கம் நகர்ந்தார்.

"எனக்கும் பாப்பீங்களாம்மா? எங்க ஆத்தாளும் வயித்து வலியிலதான் செத்துச்சு."

அது எங்கள் வம்சமே இல்லை. அண்ணன் கையோடு கொண்டுவந்திருந்த சார்ட்டைத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் திறந்தார்.

"ஆத்தா பேரு சொல்லுங்க, சம்பந்தியம்மா."